உலாவி அனுப்பும் மொழிப்பட்டியல் – ஒரு வரியின் வரலாறு

இணையத்தில் ஒரு முகவரியைத் தட்டியதும் உலாவி அந்தத் தளத்தின் வழங்கிக்கு ஒரு சின்னக் கடிதம் அனுப்புகிறது. "இந்தப் பக்கம் வேண்டும்" என்பது அதன் முதல் வரி. அதற்குக் கீழே இன்னும் சில வரிகள் போகும். உலாவியின் பெயர் என்ன, எந்த வகைப் படங்களைக் காட்டத் தெரியும், சுருக்கி அனுப்பினால் விரிக்கத் தெரியுமா என்பது போன்ற விவரங்கள். பயனரின் கண்ணில் இவை படுவதே இல்லை. அவற்றில் ஒரு வரிக்கு 'அக்செப்ட்-லேங்குவேஜ்' என்று பெயர். "முதலில் தமிழ், அது இல்லையென்றால் ஆங்கிலம், அதுவும் இல்லையென்றால் பிரெஞ்சு கொடுங்கள்" என்று வழங்கியிடம் சொல்வதற்காகவே ஏற்படுத்தப்பட்ட இடம் அது.

எல்லாத் தளங்களும் இந்த வரியைப் படித்து நடந்திருந்தால், ஒரே முகவரியை மதுரையில் இருப்பவர் திறந்தால் தமிழிலும் கோபன்ஹேகனில் இருப்பவர் திறந்தால் டேனிஷிலும் பக்கம் வந்திருக்கும். மூலையில் மொழிப் பட்டியலைத் தேட வேண்டியதில்லை. ஆனால் நடப்பது வேறு. பல தளங்கள் ஆள் எங்கே இருக்கிறார் என்று பார்த்து, அவருடைய மொழியைத் தாங்களாகவே முடிவு செய்துகொள்கின்றன. சொன்னதைக் கேட்காமல் ஊகித்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் எப்படி வந்தது?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். டிம் பெர்னர்ஸ்-லீ வையவிரிவு வலையை உருவாக்கியது ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் ஆகிய இரண்டு நாட்டு எல்லையிலும் பரவிக் கிடக்கும் இடம் அது. ஆங்கிலமும் பிரெஞ்சும் அதன் அலுவல் மொழிகள். ஐரோப்பாவின் பல நாட்டு விஞ்ஞானிகள் அங்கே வந்து போவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த ஒரு தொழில்நுட்பத்துக்கு "எந்த மொழி வேண்டும்?" என்ற கேள்வி ஆரம்பத்திலேயே தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1992 வாக்கில் எழுதப்பட்ட எச்.டி.டி.பி. வரைவிலேயே அக்செப்ட்-லேங்குவேஜ் இடம்பெற்றுவிட்டது. அதே பட்டியலில் 'செலவை யார் கணக்கில் எழுதுவது' என்று சொல்ல ஒரு வரியும் இருந்தது. அது பின்னாளில் காணாமல் போனது. மொழி வரி தப்பிப் பிழைத்தது.

1996 மே மாதம் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.0 ஆவணத்தில் (ஆர்.எஃப்.சி. 1945) அதற்குப் பின்னிணைப்பில்தான் இடம். 1997 ஜனவரியில் வந்த 1.1 பதிப்பு அதை முழு உறுப்பினராக்கியது. ஒவ்வொரு மொழிக்கும் பக்கத்தில் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் போடலாம். அந்த ஆவணம் தரும் உதாரணத்தில் டேனிஷுக்கு முழு மதிப்பெண், பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 0.8, மற்ற ஆங்கிலத்துக்கு 0.7. எழுதியவர்களின் மனதில் இருந்த வாசகர் யார் என்று இதிலிருந்து தெரிகிறது. அவருக்கு ஒரு மொழி மட்டும் தெரியும் என்று அவர்கள் நினைக்கவில்லை. பல மொழி தெரிந்த, அவற்றுக்குள் ஒரு வரிசை வைத்திருக்கும் மனிதர் அவர். ஆற்காட்டில் வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்து, அலுவலகத்தில் ஆங்கிலம் எழுதுபவருக்கும் இந்த வரி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும்.

மொழிகளுக்குப் பெயர் வைத்ததும் ஒரு தனிக் கதை. ஐ.எஸ்.ஓ. 639 என்ற தரம் மொழிகளுக்கு இரண்டெழுத்துக் குறிகளைக் கொடுத்தது. தமிழுக்கு 'டி, ஏ'. இந்தக் குறிகளை இணையத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை 1995 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1766 வரையறுத்தது. அதை எழுதிய ஹாரல்ட் ஆல்வெஸ்ட்ராண்ட் நார்வேக்காரர். அவர் நாட்டிலேயே 'நார்வீஜியன்' என்ற ஒரு பெயருக்குள் பூக்மோல், நீநோர்ஷ்க் என இரண்டு எழுத்து வழக்குகள் உண்டு! மொழிக்குறிக்குப் பின்னால் நாட்டுக்குறியையும் சேர்க்க அந்த ஆவணம் வழிசெய்தது. இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என்று பிரித்துச் சொல்லலாம்.

வசதிதான். ஆனால் சிக்கலும் இங்கேதான் ஆரம்பம். சீன மொழியை எளிமையாக்கிய எழுத்திலும் எழுதுகிறார்கள், பழைய எழுத்திலும் எழுதுகிறார்கள். எழுத்தைக் குறிக்க வழி இல்லாததால் 'சீனா-சீனம்' என்றால் எளிய எழுத்து, 'தைவான்-சீனம்' என்றால் பழைய எழுத்து என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். பழைய எழுத்தில் படிக்கும் ஹாங்காங்காரர் தைவான்காரராக வேஷம் போட வேண்டியிருந்தது. எழுத்துமுறைக்கென்று ஒழுங்கான தனிக் குறி 2006இல் வந்த ஆர்.எஃப்.சி. 4646இல்தான் கிடைத்தது. நாட்டை வைத்து மொழியை ஊகிக்கும் பழக்கத்துக்கு அச்சாரம் போட்டது இந்த இடைக்காலம் என்றே சொல்லலாம்.

சரி, கடிதம் எழுதியாயிற்று. அதைப் படிப்பவர் யார்? 1996இலேயே அப்பாச்சி என்ற இலவச மென்பொருள் உலகில் அதிகம் பயன்படும் வழங்கியாகிவிட்டது. அதில் மொழிப் பேச்சுவார்த்தைக்கு ஓர் எளிய ஏற்பாடு இருந்தது. ஒரே பக்கத்தைப் பல மொழிகளில் எழுதி, கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து மொழிக்குறியை ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். வருகிறவரின் பட்டியலையும் கையில் இருக்கும் கோப்புகளையும் ஒப்பிட்டு, பொருத்தமானதை வழங்கியே எடுத்துக் கொடுத்துவிடும்.

காகிதத்தில் அழகு. நடைமுறையில் கூத்து. ஒருவர் தன் பட்டியலில் பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 0.9, பிரெஞ்சுக்கு 0.8 என்று வைத்திருக்கிறார். தளத்தில் சாதா ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கின்றன. அவருக்கு எது கிடைக்கும்? பிரெஞ்சு! "பிரிட்டிஷ் ஆங்கிலம் கேட்டவர் சாதா ஆங்கிலத்தையும் ஏற்பார்" என்று விதியில் சொல்லப்படவில்லை. ஆங்கிலம் கேட்டவருக்குப் பிரிட்டிஷ் ஆங்கிலம் கொடுக்கலாம், ஆனால் அதைத் திருப்பிப் போட முடியாது. இதைவிட மோசம் 406 என்ற பிழைச்செய்தி. கேட்ட மொழி எதுவும் தளத்தில் இல்லையென்றால், "உங்களுக்கு ஏற்றது எதுவும் இல்லை" என்று சொல்லி வழங்கி கதவைச் சாத்திவிடலாம். தமிழ் மட்டும் என்று பட்டியலில் வைத்தவருக்கு அரைகுறையாகப் புரியும் ஆங்கிலப் பக்கமும் கிடைக்காது. ஏதாவது ஒரு மொழியில் கொடுத்துத் தொலை என்று கட்டளையிடும் வசதியை அப்பாச்சி 2.0 வரிசையில்தான் சேர்த்தார்கள்.

இந்த முறையை விடாப்பிடியாகக் கடைப்பிடித்தவர்களில் முக்கியமானவர்கள் டெபியன் லினக்ஸ் குழுவினர். 1993இல் தொடங்கிய இந்தத் தன்னார்வலர் திட்டத்தின் இணையதளம் பல மொழிகளில் கிடைக்கிறது. எந்த மொழிப் பக்கம் வர வேண்டும் என்பதை உலாவியின் பட்டியல் தீர்மானிக்கிறது. உலாவியில் மொழியை எப்படி அமைப்பது, பிரிட்டிஷ் ஆங்கிலச் சிக்கலில் எப்படி மாட்டாமல் இருப்பது என்று விளக்க அவர்கள் ஒரு தனிப் பக்கமே வைத்திருக்கிறார்கள்.

டெபியனிடம் இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. ஒரு பக்கத்தை மொழிபெயர்ப்பவர், மூலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து எழுதினார் என்பதைக் கோப்பின் தலையிலேயே குறித்து வைக்க வேண்டும். மூலம் பின்னால் மாறிவிட்டால், மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது என்று வாசகருக்கே எச்சரிக்கை காட்டப்படும். மொழிபெயர்ப்பு என்பது ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலை இல்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல நாள்தோறும் பார்க்க வேண்டியது என்பதை இந்த ஏற்பாடு ஒப்புக்கொள்கிறது. பல அரசுத் தளங்களில் ஆங்கிலப் பக்கம் புதிதாகவும் உள்ளூர் மொழிப் பக்கம் எப்போதோ நின்றுபோன கடிகாரமாகவும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அப்படியானால் மற்றவர்கள் ஏன் டெபியனைப் பின்பற்றவில்லை?

முதல் காரணம், அந்தக் கடிதத்தை எழுதியது வாசகர் அல்ல. நெட்ஸ்கேப்பிலும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் மொழிப்பட்டியலை மாற்றும் இடம் இருந்தது. ஆனால் அமைப்புகளுக்குள் இரண்டு மூன்று படி உள்ளே போனால்தான் கண்ணில் படும். யாரும் போகவில்லை. தொடாத பட்டியலில் உலாவியே தன்னுடைய மொழியை எழுதி அனுப்பியது. ஆங்கில விண்டோஸோடு விற்கப்பட்ட கணினி "இவருக்கு அமெரிக்க ஆங்கிலம் வேண்டும்" என்றே எல்லாத் தளங்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இது இன்னும் ஒரு படி மேலே. 2000களில் பலர் இணையத்தைப் பார்த்தது பிரவுசிங் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காரும் ஒருவர், கடைக்காரர் கணினியின் மொழி அமைப்பை எதற்காக மாற்றப் போகிறார்? ஆக, அந்த வரி மனிதரின் மொழியைச் சொல்லவில்லை, மென்பொருளின் மொழியைத்தான் சொன்னது. தளம் நடத்துபவர்கள் அதை நம்புவதை நிறுத்தியதில் நியாயம் இருந்தது.

தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. ஒருவர் மெனக்கெட்டுப் பட்டியலில் தமிழைச் சேர்த்திருந்தாலும் அன்று பெரிய பலன் இருந்திருக்காது. யூனிகோடில் தமிழுக்கு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் சாதாரணக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிய விண்டோஸ் 2000, எக்ஸ்பி எல்லாம் வர வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு பத்திரிகைத் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கி நிறுவாவிட்டால் தலைப்புச் செய்தி முழுக்க ரோமன் எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் வேறு. வாசகர் தமிழில் படித்துக்கொண்டிருப்பார். கணினிக்கோ அது ஏதோ ஒரு மேற்கத்திய மொழியின் பொருளற்ற எழுத்துக்கோவை. தமிழ்ப் பக்கங்கள் நிறையவே இருந்தும், 'இது தமிழ்' என்று இயந்திரத்துக்குச் சொல்லும் பெயர்ப்பலகை அவற்றில் இல்லை. யாரிடம் எதைக் கேட்டுப் பேச்சுவார்த்தை நடத்துவது?

அடுத்த அடி தேடுபொறிகளிடமிருந்து விழுந்தது. ஒரே முகவரியில் ஆளுக்கேற்ப வேறு வேறு மொழியில் பக்கம் வந்தால், தேடுபொறியின் தானியங்கி எதைப் படிக்கும்? கூகுளின் தானியங்கி மொழிப்பட்டியல் எதையும் அனுப்பாமலே வரும். வழங்கி தன் இயல்பு மொழிப் பக்கத்தைக் கொடுக்கும். மற்ற மொழிப் பக்கங்கள் கூகுளின் கண்ணிலேயே படாது. எனவே "ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி வையுங்கள்" என்று கூகுள் அறிவுரை சொன்னது. 2011இல், ஒரு பக்கத்தின் பிற மொழி வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்று குறித்துக் காட்டும் வழியையும் அறிமுகப்படுத்தியது. தேடலில் தெரியாவிட்டால் தளமே இல்லை என்றாகிவிட்ட காலத்தில், இந்த அறிவுரையை மீற யாருக்குத் துணிச்சல் வரும்? உண்மையில் தனி முகவரி வாசகருக்கும் நல்லதுதான். நண்பருக்கு அனுப்பிய சுட்டி, அவர் திறக்கும்போது வேறு மொழியில் வந்து நின்றால் குழப்பம் மிஞ்சும்.

ஆனால் வாசகரை எந்த முகவரிக்கு அனுப்புவது என்ற கேள்வி அப்படியே மிச்சம் இருந்தது. இங்கேதான் இருப்பிடம் உள்ளே நுழைந்தது. இணைய எண்ணைப் பார்த்தால் நாடு தெரியும், நாடு தெரிந்தால் மொழி தெரியும் என்ற கணக்கு. ஜப்பானில் ஓரளவு செல்லுபடியாகும் கணக்கு இது. மூன்று அலுவல் மொழிகள் கொண்ட பெல்ஜியத்தில் என்ன செய்வது? நான்கு தேசிய மொழிகள் கொண்ட சுவிட்சர்லாந்தில்? வலை பிறந்த ஊரிலேயே தோற்கும் ஊகம் இது! ஜெர்மனிக்கு ஒரு வாரம் வேலையாகப் போன தமிழர், தேடுபொறி திடீரென்று ஜெர்மனில் பேசுவதைப் பார்த்துத் திகைத்தது இதனால்தான்.

இந்தியாவில் கூகுள் ஒரு நடுவழி எடுத்தது. இந்தியாவுக்கான முகப்பு ஆங்கிலத்தில் வரும். தேடல் பெட்டிக்குக் கீழே இந்தி, வங்காளம், தெலுங்கு, மராத்தி, தமிழ், குஜராத்தி, கன்னடம், மலையாளம், பஞ்சாபி என்று ஒன்பது மொழிகளின் பெயர்கள் அந்தந்த எழுத்திலேயே வரிசையாக நிற்கும். தமிழ் என்பதைத் தமிழிலேயே எழுதிக் காட்டியது சரியான முடிவு. பல தளங்கள் மொழிக்குப் பதில் கொடியைப் போட்டன. தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவார்கள்? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா?

ஊகிக்கவே கூடாது, கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்சியும் இருந்தது. கனடா அரசின் முகப்பில் ஆங்கிலம், பிரெஞ்சு என இரண்டு சொற்கள் சமமாக நிற்கும். வருகிறவர்தான் ஒன்றைத் தொட வேண்டும். 1969ஆம் ஆண்டின் அலுவல் மொழிகள் சட்டம் இரண்டுக்கும் சம இடம் கொடுத்த நாடு அது. ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோப்பா தளம் 1995இல் தொடங்கியபோது ஒன்றியத்துக்கு 11 அலுவல் மொழிகள். பின்னர் அவை 24 ஆயின. நுழைவாயிலில் மொழிகளின் நீண்ட பட்டியல். ஒரு கூடுதல் சொடுக்கு வாசகருக்குத் தொந்தரவு என்று வடிவமைப்பாளர்கள் முனகினார்கள். ஆனால் எந்த மொழியையும் இயல்பு மொழி என்று முன்னால் நிறுத்தாமல் இருக்க வேறு வழி ஏது?

எந்த மொழியைக் காட்டுவது என்பது பாதிக் கதைதான். காட்டுவதற்கு அந்த மொழியில் ஏதாவது இருக்க வேண்டுமே! இங்கே பெரிதும் கைகொடுத்தது 'கெட்டெக்ஸ்ட்' என்ற கருவி. 1990களின் தொடக்கத்தில் சன் நிறுவனத்தில் பிறந்த யோசனை இது. 1995இல் உல்ரிக் டிரெப்பர் குனு திட்டத்துக்காக அதை எழுதினார். நிரலில் உள்ள ஆங்கில வாக்கியங்களை எல்லாம் தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுக்கும். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றுக்கும் கீழே தன் மொழியில் எழுதுவார். நிரல் தெரியாதவரும் செய்யலாம். தமிழில் லினக்ஸ் இடைமுகங்களை மொழிபெயர்த்த தன்னார்வலர்கள் உட்கார்ந்தது இந்தக் கோப்புகளின் முன்தான்.

உட்கார்ந்தவர்கள் சந்தித்த தலைவலி ஆங்கிலக்காரருக்குப் புரியாதது. பெயருக்கு ஓர் ஓட்டை விட்டு, அதன் முன்னால் 'டு' என்ற சொல்லைப் போட்டால் ஆங்கிலத்தில் வாக்கியம் முடிந்தது. தமிழிலோ வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். ராமன் என்றால் 'ராமனுக்கு', சீதை என்றால் 'சீதைக்கு', மது என்றால் 'மதுவுக்கு'. கணினிக்கு இந்தப் புணர்ச்சி தெரியாது. அதனால்தான் 'ராமன் க்கு' என்று இடைவெளி விட்டுத் தொங்கும் வாக்கியங்கள் திரையில் வந்தன. தப்பிக்க 'ராமன் என்பவருக்கு' என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். நண்பர் ஒருவர் படம் போட்டார் என்ற செய்தியில் போட்டானா, போட்டாளா, போட்டாரா என்பது அடுத்த கேள்வி. 'ஆர்' விகுதியும் 'நீங்கள்' என்ற விளிப்பும்தான் காப்பாற்றின. பள்ளித் தோழனையும் 'அவர்' என்று சொல்லும் வினோதம் இப்படித்தான் வந்தது.

பெரிய நிறுவனங்களும் தன்னார்வலர்களைத்தான் நாடின. 2000 மே மாதம் கூகுள் முதல் பத்து வேற்றுமொழி இடைமுகங்களை வெளியிட்டது. பத்தும் ஐரோப்பிய மொழிகள். அடுத்த ஆண்டே யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஃபேஸ்புக் 2008இல் பயனர்களையே மொழிபெயர்க்கவும் சரியானதற்கு வாக்களிக்கவும் வைத்தது. 2009இல் அங்கே தமிழும் வந்தது. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு ஊதியமில்லாமல் உழைப்பதா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் செய்யாமல் விட்டிருந்தால் தமிழ் அந்தப் பட்டியலில் எப்போது ஏறியிருக்கும் என்பதும் கேள்விதான்.

இதற்கிடையே இயந்திரம் வந்தது. 1997 டிசம்பரில் அல்டாவிஸ்டா, சிஸ்ட்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து பேபல் ஃபிஷ் என்ற இலவச மொழிபெயர்ப்பைத் திறந்தது. ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் பக்கம் முழுவதும் மாறி வரும். அன்று ஒரு சில ஐரோப்பிய மொழிகள் மட்டுமே. கூகுள் டிரான்ஸ்லேட் 2006இல் வந்தது, அதில் தமிழ் 2011 ஜூனில் சேர்ந்தது. 2010இல் குரோம் உலாவி, பக்கத்தின் மொழியும் பயனரின் மொழியும் வேறாக இருந்தால் "மொழிபெயர்க்கவா?" என்று தானே கேட்க ஆரம்பித்தது. வழங்கியோடு நடத்த வேண்டியிருந்த பேச்சுவார்த்தை தேவையில்லாமல் போயிற்று. தளக்காரர் மொழிபெயர்க்காவிட்டாலும், வாசகர் தன் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம்.

நல்லதுதான். ஆனால் எல்லாத் தளமும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. மூல மொழி நன்றாகத் தெரிந்தவருக்கும் தலைப்பை மாற்றி, குரலை மாற்றிக் கொடுக்கும் பழக்கம் 2020களில் பரவியது. யூடியூப் தானியங்கி டப்பிங்கை 2024 டிசம்பரில் விரிவாக்கியபோது, இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்களின் முதல் எரிச்சல் இதுதான். ஒருவருக்கு ஒரு மொழிதான் தெரியும் என்று எழுதப்பட்ட நிரலுக்கு, மலையாள வீடியோவை மலையாளத்திலேயே கேட்க விரும்பும் தமிழரைப் புரிவதில்லை. "இவையெல்லாம் எனக்குத் தெரியும், இந்த வரிசையில்" என்று சொல்லும் வரி 1990களிலேயே இருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

அந்த வரியைப் படித்த சிலரும் வேறு நோக்கத்துக்காகப் படித்தார்கள். 2010இல் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் நடத்திய ஒரு சோதனை, உலாவி அனுப்பும் சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்துப் பார்த்தாலே பெரும்பாலானவர்களை அடையாளம் கண்டுவிடலாம் என்று காட்டியது. மொழிப்பட்டியலும் அந்த விவரங்களில் ஒன்று. அமெரிக்க ஆங்கிலம் மட்டும் வைத்திருப்பவர் கூட்டத்தில் கரைந்துவிடுவார். தமிழ், டேனிஷ், பிரெஞ்சு என்று உண்மையைச் சொன்னவர் தனியாகத் தெரிவார். விளம்பரக்காரர்களுக்கு அது ஒரு கைரேகை. ஆகவே சில உலாவிகள் முழுப்பட்டியலையும் அனுப்பாமல் முதல் மொழியை மட்டும் அனுப்பும் பாதுகாப்பைக் கொண்டுவந்தன.

2022 ஜூனில் வெளிவந்த எச்.டி.டி.பி. ஆவணமான ஆர்.எஃப்.சி. 9110இலும் அக்செப்ட்-லேங்குவேஜ் இருக்கிறது, கூடவே பட்டியலை முழுதாக அனுப்புவது அந்தரங்கத்துக்கு ஆபத்தாகலாம் என்ற எச்சரிக்கையோடு. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7.0, பல மொழிகளை வரிசைப்படுத்தி வைக்கும் வசதியைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது. அமைப்புகளில் மொழிகள் என்ற இடத்தில் அது இருக்கிறது. தமிழை மேலே இழுத்து வைக்கச் சில நொடிகள் போதும்.